பத்துக்கு எவ்வளவு

டாக்டர் ஆவுடையப்பனைக் கொல்ல நான் தேர்ந்தெடுத்திருந்தது முதலாமாண்டு மாணவர்களின் முதல் வகுப்பை. காலை பத்து மணி, இரண்டாம் மாடி, பெரிய விரிவுரைக் கூடம், பார்ப்பதற்கு நூறு பேர். ஒளிந்து மறைந்து செய்யும் எண்ணமே எனக்கு இல்லை. ஆறு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த மனிதருக்குத் தினமும் வணக்கம் வைத்தவள் நான். செய்வதை நாலு பேர் பார்க்கச் செய்ய வேண்டும் என்றுதான் காத்திருந்தேன்.

என் பெயர் சண்முகக்கனி. அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, நாற்கரச் சாலையை ஒட்டி இருக்கும் தனியார் மருத்துவக் கல்லூரியில் உணர்பட்டைப் பிரிவின் டெக்னீஷியன். உணர்பட்டை என்பது நெற்றியைச் சுற்றிக் காதுவரை வரும் இரண்டு விரல் அகலப் பட்டை. நோயாளியின் தலையில் மாட்டினால் அவர் உடம்பு படுவதை எல்லாம் பதிந்துகொள்ளும். அந்தப் பதிவை இன்னொருவர் தலையில் ஓட்டினால், அங்கே நடந்ததெல்லாம் இந்த உடம்பிலும் நடக்கும். படம் தெரியாது, சத்தம் கேட்காது. உடம்பு மட்டும்தான். நோயாளியின் கை நடுங்கியிருந்தால் போட்டிருப்பவரின் கை நடுங்கும். நாக்கு புரண்டிருந்தால் நாக்கும் புரளும்.

மகப்பேறு வகுப்பில் கோவில்பட்டிக்காரி ஒருத்தியின் பிரசவ வலியை ஓட்டுவோம். சென்னையில் பிறந்து வளர்ந்த தாடிக்காரப் பையன்கள் எல்லாம் அந்த ஊர் இழுப்போடு "ஏ முருகா, என்னப் பெத்த தாயீ" என்று கதறுவார்கள். வகுப்பே உருண்டு சிரிக்கும். கதறினவன் எழுந்து உட்கார்ந்து, "நான் எதுவும் சொல்லலயே மேடம், வாய் தானாப் பேசுது" என்பான். அது அப்படித்தான். பட்டை ஓடும்போது வாய் நம்முடையது இல்லை.

ஓட்டுவதற்கு ஒன்று முதல் பத்து வரை நிலைகள் உண்டு. பத்து என்றால் நோயாளி பட்டது அப்படியே. வகுப்பில் நாலுக்கு மேல் போகக் கூடாது. ஓடும்போது பட்டையை யாரும் பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் வலிப்பு வரும். இன்னொரு விதியும் உண்டு. நோயாளி இறந்துபோனால் அந்தப் பதிவை ஒரு வாரத்துக்குள் அழித்துவிட வேண்டும். பட்டையை முதன்முதலாகக் கொண்டுவந்து பொருத்திய கோயம்புத்தூர் இன்ஜினியரிடம் ஏன் என்று கேட்டேன்.

"ஆட்டுல பாத்தோங்க மேடம்" என்றார். "ஒரு ஆடு சாகுறவரைக்கும் பதிஞ்சோம். அதை நல்லா இருந்த இன்னொரு ஆட்டுக்குப் பத்தாம் நிலைல ஓட்டினோம்."

"என்னாச்சு?"

"ரெண்டாவது ஆடும் எந்திரிக்கலங்க. நெஞ்சு நம்பிருச்சு."

பிற்பாடு எனக்கு உபயோகப்பட்டது அந்த ஆடுதான்.

என் தங்கை தங்கபுஷ்பம். பந்தல்குடியில் பால்வாடி டீச்சராக இருந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். எங்கள் அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அவளுக்குத் தலை பின்னியதிலிருந்து நான்தான் எல்லாம். ஆனால் சொன்ன பேச்சு என்பது அவளிடம் கிடையவே கிடையாது. நர்சிங் படி என்றேன், பால்வாடிக்குப் போனாள். அந்தப் பையன் வேண்டாம் என்றேன், அவனைத்தான் கட்டினாள். அவன் விட்டுவிட்டுப் போன பிறகு என்னோடு வந்து இரு என்றேன், தனி வீடு பிடித்தாள். வாயும் அதிகம். கொசு கடித்தால் தெருவையே கூட்டுவாள். காய்ச்சல் வந்தால் உயில் சொல்லுவாள். வீட்டில் அவளைக் கேலி செய்யாத ஆள் இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்து நின்றாள். "யக்கா, செத்துருவேன் போலருக்கு" என்றாள். முகம் வெளுத்திருந்தது. அழைத்துக்கொண்டுபோய்ப் புறநோயாளிகள் வரிசையில் நிறுத்தினேன். நானே இந்த ஆஸ்பத்திரியில் பதினைந்து வருஷம் ஊறினவள். எந்த டாக்டர் எதற்குச் சிடுசிடுப்பார், எந்த நர்ஸ் யாரை என்ன பெயர் வைத்துக் கூப்பிடுவாள் என்பதெல்லாம் அத்துப்படி. பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்பார்கள். நடந்து வந்தவர்கள் பத்து என்று சொன்னால் வார்டில் அவர்களுக்கு ஒரு பெயர் உண்டு, நடிப்பு கேஸ். நேரே நாலாம் மாடிக்கு, மனநலப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். அதனால் உள்ளே போவதற்கு முன் காதோடு சொன்னேன்.

"ஏட்டி, உன் கூப்பாட்டை எல்லாம் இங்க காட்டாத. பத்துக்கு எவ்வளவுன்னு கேப்பாங்க. பத்துன்னு சொன்னா நடிக்கன்னு எழுதிருவாங்க, மூணுன்னு சொல்லு. அளவாச் சொன்னாத்தான் மதிச்சுப் பாப்பாங்க."

"மூணா? எனக்கு முப்பது வலிக்குக்கா."

"சொன்னதச் செய்யி."

முறைத்துக்கொண்டே போனாள். நான் சொன்னதை என்றைக்குக் கேட்டாள், இன்றைக்குக் கேட்க? உள்ளே போய் ஊரைக் கூட்டத்தான் போகிறாள் என்று தலையில் அடித்துக்கொண்டு என் வேலைக்குப் போனேன்.

சேர்த்துக்கொண்டார்கள். அப்போது பட்டை சோதனையில் இருந்த காலம். வார்டில் விருப்பப்பட்டவர்களுக்கு மாட்டிப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தோம். புஷ்பத்துக்கு நானே மாட்டினேன். பொது மருத்துவப் பிரிவில் ஆவுடையப்பன் யூனிட். முதல் நாள் வாய்வு என்றார்கள். இரண்டாம் நாள் குடல் பிரிவுக்கு அனுப்பிக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. மகளிர் பிரிவில் ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. வழக்கம்போலக் கூத்தடிக்கிறாளோ என்று ஒரு பகல் முழுக்க நானும் நினைத்தேன். மூன்றாம் நாள் காலை டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்து வெளியே வந்தபோது, வராண்டாவில் அவரை மறித்தேன்.

"சார், ஆறாம் நம்பர் பெட்டு என் தங்கச்சி சார். பட்டை போட்டிருக்கா. நீங்க ஒரு நிமிஷம் போட்டுப் பாத்தீங்கன்னா தெரிஞ்சிரும் சார்."

"நோயாளி வாயால சொல்றத விட்டுட்டு மெஷினக் கேக்கச் சொல்றீங்களா?"

"ஒரு நிமிஷம் போதும் சார்."

"அவங்க சொன்னதக் கேட்டுட்டுத்தாம்மா வர்றேன். மனசுல ஏதோ இருக்கு. நாலாம் மாடிக்கு எழுதிருக்கேன்." போய்விட்டார்.

நான்காம் நாள் மத்தியானம் இரண்டு நாற்பதுக்கு, மனநல வார்டின் ஜன்னலோரக் கட்டிலில், தூக்க மாத்திரை மயக்கத்தில் புஷ்பம் இறந்துபோனாள். அவளுக்கு வயது முப்பத்திரண்டு. குடலின் ரத்தக்குழாயில் உறைவு, நாலடிக் குடல் கறுத்துப்போயிருந்தது என்று நோயியல் துறைக்காரர்கள் எழுதிக் கொடுத்தார்கள். இத்தனை துறை இருக்கிற இடத்தில் உண்மையைச் சொன்ன ஒரே துறை அதுதான். அதுவும் செத்த பிறகு சொன்னது.

நீயே ஒரு நிமிஷம் போட்டுப் பார்த்திருக்கலாமே என்று என்னை யாராவது கேட்டால், நான் என்ன டாக்டரா என்று கேட்பேன். போட்டு என்ன செய்ய? வலிக்கிறது என்று எனக்குத் தெரியும். ஏன் வலிக்கிறது என்று சொல்ல வேண்டியவர் அவர். இந்தப் பதிலை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பதிவை அழிக்கவில்லை. சிறுநீரகக் கல் வலி, இரண்டாம் பிரதி என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டேன். ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

இந்த ஆறு வருஷத்தில் ஆவுடையப்பன் வளர்ந்த வளர்த்தி இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் என் வயிறு எரிந்தது. அந்தச் சாவுக்கு அடுத்த வருஷமே பட்டையைப் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்று முதல் ஆளாகக் கொடி பிடித்தார். கல்லூரி முதல்வர் ஆனார். நோயாளியின் வலியைத் தன் உடம்பில் வாங்கும் மருத்துவர் என்று பத்திரிகையில் படம் வந்தது. முதலாமாண்டு முதல் வகுப்பு, மருத்துவ அறிவியல் அறிமுகம், அதை அவரே எடுப்பார். பாடம் முடிந்ததும் கோட்டைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்காருவார். நான் பட்டையை மாட்டி, சிறுநீரகக் கல் வலியை ஒரு நிமிஷம் ஓட்டுவேன். இரண்டாம் நிலையில். முன்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "சார், பத்துக்கு எவ்வளவு வலி?" என்று கேட்க வேண்டும். அது சடங்கு. அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு "ஆறு" என்பார். கைதட்டல் கூரையைப் பிளக்கும். ஐந்து வருஷம் அந்தப் பட்டையை மாட்டிவிட்டது இந்தக் கைதான்.

அன்றைக்கு வேண்டும் என்று வராண்டாவில் கெஞ்சினபோது போடாத பட்டை. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

இந்த வருஷம் புஷ்பத்தின் பதிவை வெட்டி ஒட்டினேன். முதல் ஐந்து நிமிஷம், மூன்றாம் நாள் காலை இவர் அவள் கட்டிலருகே நின்ற நேரம். வார்டு பதிவேட்டில் ரவுண்ட்ஸ் நேரம் குறித்திருக்கும், அதை வைத்துக் கண்டுபிடித்தேன். இவர் அழுத்திப் பார்த்த வயிறு எப்படி இருந்தது என்று இவருக்கே தெரியட்டும். அதற்குப் பின்னால் கடைசி இருபது நிமிஷம், இரண்டு நாற்பது வரைக்கும். நிலை பத்து. நாற்காலிக் கைப்பிடியில் இருக்கும் நிறுத்தும் பொத்தானின் இணைப்பை எடுத்துவிட்டேன். நிறுத்த வேண்டும் என்றால் என் மேஜையில் இருக்கிற பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். அழுத்துகிற உத்தேசம் எனக்கு இல்லை. பிறகு ஜெயிலோ தூக்கோ, எது வந்தாலும் வரட்டும்.

அன்று காலை குளித்துவிட்டு, புஷ்பம் எடுத்துக் கொடுத்த மாம்பழ மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். பார்த்தவர்கள் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். விசேஷம்தான் என்றேன்.

அவர் பாடம் எடுத்தார். ஐந்து வருஷமாகக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

"மருத்துவ அறிவியல்னா ஒரே படிப்புன்னு நினைச்சு வந்திருப்பீங்க. அப்படி இல்ல. உடற்கூறியல், எது எங்க இருக்குன்னு சொல்லும். உடலியங்கியல், அது என்ன வேலை பாக்குதுன்னு சொல்லும். உயிர்வேதியியல், எதத் தின்னுட்டு அந்த வேலையப் பாக்குதுன்னு சொல்லும். நோயியல், எங்க கெட்டுச்சு, ஏன் கெட்டுச்சுன்னு சொல்லும். மருந்தியல், எதக் குடுத்தாப் பிழைப்பாங்க, எவ்வளவு குடுத்தாச் சாவாங்கன்னு சொல்லும். இதெல்லாம் தாண்டித்தான் பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தைகள், மனநலம்னு வார்டுக்குள்ள வருவீங்க. ஆனா இத்தனையப் படிச்சாலும் ஒண்ணு மட்டும் எந்தப் புத்தகத்துலயும் இருக்காது. எதிர்ல படுத்திருக்கிறவங்களுக்கு எப்படி இருக்குங்கிறது. அதுக்குத்தான் இந்தப் பட்டை."

ஒவ்வொரு துறையின் பெயரைச் சொல்லும்போதும் புஷ்பம் சக்கர நாற்காலியில் அந்தந்த மாடிக்குப் போனது எனக்கு ஞாபகம் வந்தது. நன்றாகப் பேசுங்கள் சார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கோட்டைக் கழற்றினார். உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, "புதுச் சேலையா சண்முகக்கனி? நல்லாருக்கு" என்றார். பட்டையை மாட்டினேன். மேஜைக்கு வந்து ஓட்டினேன்.

முதல் மூச்சிலேயே அவர் உடம்பு மடிந்தது. முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு ஏறின. நாற்காலியில் பக்கவாட்டில் சரிந்து, வயிற்றுக்குள் இரண்டு கையையும் புதைத்துக்கொண்டார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. சத்தமே இல்லாத அழுகை. வாயைத் திறந்து கத்த வேண்டிய உடம்பு, பல்லைக் கடித்துக்கொண்டு அழுதது. அதைப் பார்த்ததும் எனக்கு ஏனோ இடறியது. புஷ்பம் அப்படி அழுகிறவளே இல்லை.

மாணவர்கள் முதலில் கைதட்டினார்கள். பின்வரிசையில் ஒருவன், "சார் செமயா நடிக்கிறார்ல" என்றான். கேட்டதும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நடிப்பு கேஸ். இப்போது தெரிகிறதா சார்?

ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று. கைதட்டல் நின்றது. முன்வரிசையில் நிலோஃபர் என்ற பெண், அன்றைக்குக் கேள்வி கேட்க வேண்டிய மாணவி, எழுந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

"சார், பத்துக்கு எவ்வளவு வலி?"

பதில் வரவில்லை. அவருடைய விரல்கள் நாற்காலியின் ஓரத்தைப் பிறாண்டின. அவள் பயந்துபோய் மறுபடி கேட்டாள். "சார், கேக்குதா? பத்துக்கு எவ்வளவு சார்?"

நாலாவது நிமிஷத்தில் அவர் வாய் திறந்தது. அவள் கேள்விக்கு வந்த பதில் இல்லை அது. ஆறு வருஷத்துக்கு முன்னால், அந்தக் கட்டிலில், அதே கேள்விக்கு வந்த பதில். குரல் அவருடையதுதான். இழுப்பு என் தங்கச்சியுடையது.

"மூணு சார்."

கூடத்தில் யாரோ சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

"மூணுதான் சார். நடிக்கல சார்."

வாழ்நாளெல்லாம் நான் சொன்ன ஒன்றைக்கூடக் கேட்காதவள். படி என்றால் படிக்கமாட்டாள், வா என்றால் வரமாட்டாள். அந்த ஒரு பேச்சை மட்டும் கேட்டிருக்கிறாள். மூன்று நாள், வருகிற டாக்டருக்கெல்லாம், குடல் அழுகும்போது, பல்லைக் கடித்துக்கொண்டு மூணு என்று சொல்லியிருக்கிறாள். அக்கா சொன்னாள் என்று.

கடைசி இருபது நிமிஷம் ஆரம்பிக்க ஐம்பது விநாடி இருந்தது. திரையில் எண் குறைந்துகொண்டே வந்தது. விடாதே, விடாதே என்றுதான் அப்போதும் மனசு சொன்னது. ஒரு நிமிஷம் கேட்டபோது போடாதவன் போகட்டும் என்றது. ஆனால் அந்த இருபது நிமிஷத்தில் புஷ்பம் மாத்திரை மயக்கத்திலும் எதையாவது உளறியிருப்பாள். அது இவர் வாயால் நூறு பேர் முன்னால் வரும். என் பெயரும் அதில் வரும். நான் இரக்கப்பட்டு நிறுத்தவில்லை. பயந்து நிறுத்தினேன்.

அவர் வெகுநேரம் எழவில்லை. பிறகு பட்டையை மெல்லக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நிலோஃபர் தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கிக் குடித்துவிட்டு, "வகுப்பு முடிஞ்சது, போயிட்டு வாங்க" என்று மாணவர்களை அனுப்பினார். என்னிடம், "என் ரூமுக்கு வாங்க" என்றார்.

முதல்வர் அறையில் அவர் வயிற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். நான் நின்றேன். மன்னிப்புக் கேட்கிற எண்ணம் எனக்கு இல்லை.

"புஷ்பம்தானே?" என்றார்.

பெயர் நினைவிருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தலையாட்டினேன்.

"முழுசா ஓட்டிருந்தா நான் போயிருப்பேன்ல?"

"ஆமா சார்."

மேஜையின் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். நோயாளிக் குறிப்பின் நகல். மூலம் ஆவண அறையில் பூட்டிக் கிடக்கிறது, எத்தனை தடவை கேட்டும் என் கண்ணில் காட்டவில்லை. இவர் ஒரு நகலை ஆறு வருஷமாகப் பக்கத்திலேயே வைத்திருந்திருக்கிறார். அவர் கையெழுத்தில் மூன்றே வரி. வலி பத்துக்கு மூன்று. வயிறு மென்மையாக உள்ளது. அழுகை வலிக்குப் பொருந்தவில்லை, மனநலப் பிரிவுக்கு அனுப்பவும்.

"இந்த நோய்ல வயித்தத் தொட்டா ஆரம்பத்துல ஒண்ணும் தெரியாது" என்றார். "வலி மட்டும்தான் உயிர் போற மாதிரி இருக்கும். வயிறு சும்மா இருக்கு, வலி மட்டும் இப்படிக் கத்துதேன்னு தோணுச்சுன்னாத்தான் எங்களுக்குப் பொறி தட்டும். மூணுன்னு சொன்னா ரெண்டும் ஒத்துவந்துரும். நானும் மூணு நாள், மூணு தடவை கேட்டேன். மாத்தவே இல்ல. அப்பறம் ஏம்மா இப்படி அழறீங்கன்னு கேட்டேன். அதுக்கு நடிக்கல சார்னு மட்டும் சொல்லுச்சு. அந்த வார்த்தைய ஒரு நோயாளி தானாச் சொல்லாது. யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. யாருன்னு ஆறு வருஷமா யோசிச்சிருக்கேன்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்" என்றேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். "வராண்டாவுல ஒரு நிமிஷம் கேட்டீங்க. போட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். அது எந்தக் குறிப்புலயும் இல்ல. அதனாலதான் வருஷா வருஷம் எல்லார் முன்னாலயும் போட்டுக்கிறேன்."

"ரெண்டாம் நிலையிலயா சார்?"

அது சுருக்கென்று தைத்தது. தைக்கத்தான் கேட்டேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். வேலைநீக்க உத்தரவு என்று நினைத்தேன். போலீஸுக்குப் போவார் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

மருத்துவ அறிவியல் அறிமுகப் பாடத்தில் சிறுநீரகக் கல் வலிக்குப் பதிலாக இனி இந்தப் பதிவு. முதல் ஐந்து நிமிஷம் மட்டும், நாலாம் நிலையில். மாணவர்கள் ஒவ்வொருவரும் போட்டுப் பார்க்க வேண்டும். பட்டையை இயக்குபவர் சண்முகக்கனி, வேறு யாரும் தொடக் கூடாது. பத்துக்கு எவ்வளவு என்ற கேள்வியையும் இயக்குபவரே கேட்க வேண்டும்.

"பழி வாங்குறீங்களா சார்?" என்றேன்.

"நாளைக்குப் பத்து மணிக்கு ஆரம்பிக்கணும். இருபது இருபது பேரா, அஞ்சு நாள்" என்றார். "முதல்ல நான் போட்டுக்கிறேன். எனக்கு மட்டும் இன்னிக்கு ஓட்டுன நிலையிலேயே ஓட்டுங்க."

ஓட்டினேன். அவரைப் பத்தாம் நிலையில் இன்னொரு தடவை பார்ப்பதில் எனக்கு ஆட்சேபணை எதுவும் இருக்கவில்லை. ஆனால் கேள்வியை நான் கேட்க வேண்டியிருந்தது. பத்துக்கு எவ்வளவு என்றேன். மூணு சார் என்றார். அதோடு அவர் கணக்கு முடிந்தது. என்னுடையது அப்போதுதான் ஆரம்பித்தது.

நிலோஃபர் வந்தாள். மூணு சார் என்றாள். கழுத்தில் சிலுவை போட்ட நாகர்கோவில் பையன் ஒருவன் வந்தான். மூணுதான் சார் என்றான். முதல் நாள் நடிக்கிறார் என்று சொன்ன பின்வரிசைக்காரன் வந்தான். தேம்பிக்கொண்டே, நடிக்கல சார் என்றான். ஒவ்வொருவரும் பட்டையைக் கழற்றியதும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "இவ்வளவு வலிக்குதே மேடம், அவங்க ஏன் மூணுன்னு சொன்னாங்க?" சொல்ல வேண்டியது என் பொறுப்பு. அதையும் அவர் உத்தரவின் கடைசி வரியாக எழுதியிருந்தார். நூறு பேருக்கும் சொன்னேன். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலர் என்னை நேராகப் பார்த்தார்கள். நேராகப் பார்த்தவர்களைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஐந்து நாளும் ஆவுடையப்பன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் நூறாவது மாணவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே போனபோது பிற்பகல் மூன்று மணி. நான் பட்டையைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் இறங்கி வந்து கையை நீட்டினார். பட்டையைக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு, காலியாக இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"கேக்குறதுக்கு நான் இருக்கேன்" என்றார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். உத்தரவில் என் பெயர் இயக்குபவர் என்றுதான் இருந்தது. ஆறு வருஷம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம்கூடப் போட்டுப் பார்க்காதவள் நான். டாக்டர் இல்லை என்பது காரணம் இல்லை. அவளுக்கு நிஜமாகவே வலித்தது என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். போய் உட்கார்ந்தேன்.

"எத்தனையாம் நிலை?" என்றார்.

"அவளுக்கு இருந்தது."

பட்டையை மாட்டினார். மேஜைக்குப் போனார். பொத்தானின் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எனக்குக் கூடமும் தெரியவில்லை, நாற்காலியும் தெரியவில்லை. வயிற்றுக்குள் யாரோ கையை விட்டுக் குடலை முறுக்கிப் பிழிந்தார்கள். பிழிந்தவர்கள் விடவில்லை. முப்பது என்று சொன்னாளே, அது குறைவு. கத்த வேண்டும், ஊரைக் கூட்ட வேண்டும், தெருவில் விழுந்து புரள வேண்டும் என்று உடம்பு துடித்தது. பற்கள் மட்டும் இறுக மூடியிருந்தன. அவள் மூடியது.

எங்கேயோ தூரத்திலிருந்து அவர் குரல் வந்தது.

"பத்துக்கு எவ்வளவும்மா?"

பத்து என்று சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன்.

"மூணு சார்" என்றது வாய். "மூணுதான் சார். நடிக்கல சார்."